மேவிஸ் வாய் திறக்காத லெந்து

வீல் ரோஸ் ஊரில் செயின்ட் பைரன் ஆலயத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால் அதை முதலில் தெரிந்துகொள்வது கடவுளா, மேவிஸ் பென்ஹேலா என்று கேட்டால், மேவிஸ்தான். கடவுளுக்குக் கவனிக்க வேறு ஊர்களும் இருக்கின்றன அல்லவா? மேட்டின் அடியில் பழக்கமில்லாத கார் ஒன்று திரும்பியதுமே வாசலில் நிற்கும் மேவிஸுக்குக் கால் பரபரக்கும். கார் நிற்பதற்குள் பனியில் சறுக்கியபடி ஓடிப்போய் அவளே கதவைத் திறந்துவிடுவாள். வந்தவர்கள் வழி கேட்பதற்காக நிறுத்தியவர்களாகக்கூட இருக்கலாம். அப்படி வழி கேட்க நிறுத்திய ஒரு கணவனும் மனைவியும் முழு ஆராதனையும் இருந்துவிட்டுத்தான் போனார்கள்.

உள்ளே வந்த பிறகும் விடமாட்டாள். எபிஸ்கோபல் ஆராதனை என்றால் சும்மா இல்லை. கையில் சிவப்பு ஜெபப் புத்தகம், நீலப் பாட்டுப் புத்தகம், நடுவில் செருகிய ஒரு தாள், இதற்கிடையே எழுந்திரு, உட்கார், முழங்கால் போடு. இதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அவ்வப்போது தடுமாறும். புதிதாக வந்தவர் தடுமாறினால் மேவிஸுக்குப் பொறுக்காது. கடைசி வரிசையிலிருந்து குரல் வரும்: “செவப்பு புக்கு கண்ணு, செவப்பு! அது நீலம்! ஆங், அதேதான், கெட்டிக்காரி!” பாடகர் குழு பாதி வரியில் நின்றுவிடும்.

அந்தக் குரல் சாதாரணக் குரல் இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் மேவிஸ் ஊர் ஹாக்கி அரங்கில் அறிவிப்பாளராக இருந்தவள். ஐஸ் மேல் யார் கோல் போட்டார்கள், யார் யாரைத் தள்ளிவிட்டுத் தண்டனைப் பெட்டியில் போய் உட்கார வேண்டும் என்பதையெல்லாம் சொன்னவள் அவள்தான். மைக் பழுதான நாட்களில்கூட ஆட்டம் நின்றதில்லை. பிறகு அரங்கத்தில் புதுசாக ஏதோ கருவி வாங்கினார்கள், அது தானே பேசியது. மேவிஸுக்குப் பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிள்ளை குட்டி கிடையாது. கணவன் ரெய்னோ ஃபின்லாந்துக்காரர் வழி வந்தவன், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அன்று அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். ஆக, அவள் குரலுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் கோயில் வாசல். அந்த வாசலை அவள் உயிராய் நேசித்தாள்.

சிக்கல் என்னவென்றால், வந்தவர்கள் யாரும் மறுபடி வரவில்லை.

போன கோடையில் ஓர் ஆசிரியர் குடும்பம் வந்தது. காப்பிக் கோப்பை அவர்கள் வாய்க்குப் போவதற்குள் கணவரைப் பாடகர் குழுவிலும், மனைவியை வியாழக்கிழமை பாஸ்டி என்கிற கறி அடைத்த அப்பம் செய்யும் கூட்டத்திலும், குழந்தையைக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாகவும் மேவிஸ் சேர்த்துவிட்டாள். அது ஜூலை மாதம். அவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவினார்கள். மேவிஸ் குங்குமப்பூ பன் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து கீழ்வரை துரத்திப்போய்க் கார் ஜன்னல் வழியாக உள்ளே போட்டாள். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் எதிர்த்தெரு லுத்தரன் கோயிலில் இருந்தது. ரெய்னோ லுத்தரன்காரன், தன் கோயிலில் ஆராதனை முடிந்ததும் மனைவியின் கோயிலுக்குக் காப்பி குடிக்க மட்டும் வருபவன். அவன்தான் வந்து சொன்னான்.

“பன்னு நல்லா இருந்துச்சாம்.”

லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம், தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கோயில் கீழ்த்தளத்தில் எல்லோரும் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சேகரக் கமிட்டித் தலைவர் கிறிஸ்பின் நான்கிவெல் தட்டோடு வந்து மேவிஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர், மென்மையான மனிதர். இளவயதில் ஊர் அணியின் கோல்காவலர். அவர் விட்ட ஒவ்வொரு கோலையும் ஊருக்கே சொன்னவள் மேவிஸ்.

“மேவிஸக்கா, தப்பா எடுத்துக்காதீங்க.”

“அப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் எடுத்துக்கணும். சொல்லு.”

“வாசல்ல கொஞ்ச நாளைக்கு வேற யாராச்சும் நிக்கட்டுமேன்னு கமிட்டில…”

“யாரு? நீயா?”

“நான்னு இல்ல. நான்தான்.”

“நீ வந்தவங்களுக்கு என்ன சொல்லுவ?”

கிறிஸ்பின் தலையை லேசாக, ஒரு விரற்கடை அளவுக்கு, ஆட்டிக் காட்டினார்.

“அவ்வளவுதானா? அடப் பாவி, செத்தவனுக்குக்கூட இதவிடப் பெருசா தலையாட்டுவாங்க!”

சிரிப்பு எழுந்தது. ஆனால் மேவிஸின் கண் கலங்கிவிட்டதைக் கோயிலின் பெண் குருவானவர் மதர் ஓடெட் பார்த்துவிட்டார். மதர் ஓடெட் சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, பேச்சை முடித்துவைப்பதில் கெட்டிக்காரி. மாவுக் கரண்டியோடு வந்து ஒரு வழி சொன்னார். லெந்து காலத்தில் எல்லோரும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறார்கள், சாக்லேட், வைன், இப்படி. மேவிஸ் புதியவர்களிடம் பேசுவதை விட்டுவிடட்டும். ஈஸ்டர் வரைக்கும் அவர்களிடம் வாயே திறக்கக் கூடாது. தாக்குப்பிடித்தால் வாசல் அவளுக்கே, காலத்துக்கும். வாய் திறந்தால் வாசல் கிறிஸ்பினுக்கு.

“ஈஸ்டர் வரைக்குமா?” என்றான் ரெய்னோ. அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான். பிறகு சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

லெந்து காலத்தில் செயின்ட் பைரனில் இன்னொன்றுக்கும் தடை உண்டு: அல்லேலூயா. ஈஸ்டர் வரைக்கும் அந்தச் சொல்லை யாரும் பாடவோ சொல்லவோ கூடாது. எல்லா எபிஸ்கோபல் கோயில்களிலும் உள்ளதுதான் இது. சில ஊர்களில் அந்தச் சொல்லைத் துணியில் எழுதி மண்ணில் புதைப்பார்கள். வீல் ரோஸில் பிப்ரவரியில் மண்ணைக் கண்டவர் யார்? அதனால் துணியைச் சுருட்டி, கீழ்த்தளத்துப் பெரிய ஃப்ரீஸரில் பாஸ்டிகளுக்கு அடியில் அடக்கம் செய்வார்கள். நடுவில் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைய காப்பிக் கோப்பைகளையெல்லாம் கழுவ வேண்டும். கிறிஸ்பின் ஒரு வருஷம் தும்மலுக்குப் பிறகு சொல்லிவிட்டு அந்தத் தும்மலைப் பற்றி மேல்முறையீடு செய்து பார்த்தார், எடுபடவில்லை.

லெந்தின் முதல் ஞாயிறே வந்து சேர்ந்தான் ஹார்லன் ஸ்டிட்ஹம்.

யாரும் பெயர் கேட்காததால் அப்போது அவன் பெயர் யாருக்கும் தெரியாது. மலை மாதிரி ஆள், செம்பட்டைத் தாடி, கையில் கசக்கிய தொப்பி. சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவதற்காகத் தெற்கே கென்டக்கியிலிருந்து புதிதாக வந்தவன். அவன் மேட்டில் ஏறி வருவதை மேவிஸ் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டாள். முகம் சிவந்து, கண் பிதுங்கி, கதவை மட்டும் விரியத் திறந்து பிடித்தாள். அவன் பயந்துபோய்ச் சுவரோரமாக ஒதுங்கி உள்ளே போனான்.

அடுத்த ஞாயிறு வாயைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள். ஹார்லன் சிவப்புப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? ஹாக்கி நடுவரின் சைகைகள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஒரு கையை மேலே உயர்த்தினால் எழுந்திரு. இரண்டு கையையும் கீழே வீசினால் முழங்கால் போடு. இரண்டு கையையும் அகல விரித்தால், அது இல்லை, மற்றப் புத்தகம். கென்டக்கிக்காரனுக்கு ஹாக்கி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் தாடிக்குள் ஏதோ சிரிப்பு அசைந்த மாதிரி இருந்தது.

சைகை பேச்சாகுமா என்று கமிட்டி ஒரு மாலை முழுக்க வாதாடியது. ஆகாது, ஆனால் விசில் ஊதக் கூடாது என்று தீர்ப்பு. மேவிஸ் வாங்கி வைத்திருந்த விசிலை ரெய்னோ காரின் முன்பக்கப் பெட்டியில் போட்டுப் பூட்டினான்.

மற்றவர்கள்? நம் ஆட்கள் நல்லவர்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மரியாதை என்றால் ஒரு மரியாதையா? ஆள் வந்திருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, தானாகப் பேசும்போது பேசட்டும். காப்பி நேரத்தில் அவனைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் விட்டு நின்று, எல்லோரும் அவனைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார்கள். அவனும் ஒரு பிஸ்கோத்தைக் கையில் வைத்துக்கொண்டு புன்னகைத்தான். பிறகு போய்விட்டான். மூன்று ஞாயிறும் இதே கதை.

நான்காம் ஞாயிறுக்கு முந்தின நாள் காலைச் சாப்பாட்டில் ரெய்னோ வழக்கத்துக்கு மாறாக வாய் திறந்தான்.

“அந்தத் தாடிக்காரன பெட்ரோல் கடைல பார்த்தேன்.”

மேவிஸ் முட்டையை அப்படியே விட்டாள். “பேசினியா?”

“நானா? பக்கத்துல நின்னேன். வண்டி ஓட்டுற பசங்ககிட்ட சொல்லிட்டிருந்தான்.”

“என்னன்னு? ரெய்னோ, ஒவ்வொரு வார்த்தையா பல்லு புடுங்குற மாதிரி புடுங்க வைக்காத!”

“அந்தக் கோயில்ல இதுவரைக்கும் ஒருத்தரும் எம்பேரக் கேக்கலங்க, இந்த ஞாயித்துக்கெழமை ஒரு நாள் பாப்பேன், அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டேன்னான்.” இவ்வளவு நீளமாகப் பேசியதில் ரெய்னோவுக்கே மூச்சு வாங்கியது.

மேவிஸ் எழுந்து சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பேசினால் வாசல் போய்விடும். பேசாவிட்டால் அவன் போய்விடுவான். வாசல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். கடைசியில் மதர் ஓடெட்டுக்குப் போன் போட்டாள். மதர் பதறிப்போனார்.

“ஐயோ, யாருமே கேக்கலையா? நான் கிறிஸ்பின் கேட்டிருப்பாருன்னு நெனச்சேன்!”

“கிறிஸ்பின் நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சிருப்பான் மதர். தலைய ஆட்டியிருப்பான்.”

“நாளைக்குக் காப்பி நேரத்துல மொத வேலையா நானே போய்ப் பேசுறேன். நீங்க வாயத் தொறக்க வேணாம். வாசலக் காப்பாத்திக்கோங்க.”

மேவிஸ் அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் மதர் ஓடெட் ரோஜா நிற அங்கியில் வந்தார். லெந்தின் நடுவில் ஒரே ஒரு ஞாயிறு அந்த நிறம். வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வரும் கதையைப் பற்றிப் பிரசங்கம். தகப்பன் மகனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, வயதையும் கௌரவத்தையும் மறந்து, தெருவில் ஓடினான் என்று மதர் சொன்னார். “நீ யாரு, எதுக்கு வந்தேன்னு அவன் கேக்கல. ஓடிப்போய்க் கட்டிப்புடிச்சிக்கிட்டான்” என்றார்.

ஹார்லன் ஊரில் பிரசங்கம் என்றால் இரண்டு பக்கமும் பேசுவார்கள். போதகர் ஒன்று சொன்னால் சபை ஒன்று சொல்லும். மூன்று வாரமாக அடக்கிவைத்திருந்தது அவனை அறியாமல் வெளியே வந்துவிட்டது. கடைசி வரிசையில் எழுந்து நின்று, கை இரண்டையும் தூக்கி, கூரை அதிரக் கத்தினான்.

“அல்லேலூயா!”

செயின்ட் பைரன் கட்டிய நாள்முதல் பிரசங்கத்தின் நடுவே அங்கே யாரும் இருமியதுகூட இல்லை. அதிலும் அந்தச் சொல். அதிலும் லெந்தில். கிறிஸ்பின் கையிலிருந்து பாட்டுப் புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. ஊரிலேயே மூத்தவரான யூடோரா டாங்காய் அம்மையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அத்தனை தலையும் திரும்பியது. திரும்பிய வேகத்திலேயே, முறைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைவு வந்து, அத்தனை தலையும் மறுபடி முன்பக்கம் திரும்பியது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

ஹார்லனுக்குக் காது மடல்வரை ரத்தம் ஏறியது. என்ன தப்பு செய்தோம் என்று தெரியவில்லை, ஏதோ பெரிய தப்பு என்று மட்டும் தெரிந்தது. தொப்பியைத் தேடி எடுத்தான். “மன்னிச்சுக்குங்க” என்று யாரிடமோ முணுமுணுத்துவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தான். மதர் ஓடெட் மேடையில் வாயைத் திறந்தபடி நின்றார். காப்பி நேரத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றல்லவா எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவன் கதவை நோக்கி நடந்தான். கதவருகே மேவிஸ். வாயில் கம்பளித் துண்டு. ஒரு கை கதவின் பிடியில். அவளுக்கு அப்போது யோசனை எதுவும் ஓடவில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அது பொய். வாசல் போகப்போகிறது என்பதை அவள் நன்றாக யோசித்தாள். யோசித்துவிட்டுத்தான் துண்டை அவிழ்த்தாள்.

“அல்லேலூயா!”

அரங்கத்தில் கடைசி நிமிஷத்துக் கோலுக்கு எழும் குரல் அது. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. கூரையிலிருந்து ஒரு பாளம் பனி சரிந்து வெளியே தொப்பென்று விழுந்தது.

“உக்காருங்க ராசா!” என்றாள். “நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எங்களுக்குத்தான் சொல்லத் துணிச்சல் இல்ல. ஒரு மாசமா உங்க பேரக் கேக்காம என் உசுரு போயிட்டிருக்கு. பேரு என்ன?”

“ஹார்லனுங்கம்மா. ஹார்லன் ஸ்டிட்ஹமுங்க. கென்டக்கிப் பக்கமுங்க.”

மேவிஸ் திரும்பி, அரங்கத்தில் புது ஆட்டக்காரனை அறிவிப்பதுபோலக் கையை நீட்டினாள். “கென்டக்கிலேர்ந்து வந்திருக்கிறவரு! ஹார்லன்! ஸ்டிட்ஹம்!”

முன்வரிசையில் யூடோரா அம்மையார் தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். டீயில் சர்க்கரை போதும் என்று சொல்கிற குரலில், தெளிவாக, “அல்லேலூயா” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான், மதகு திறந்துவிட்டது. பாடகர் குழுவில் ஒருவர், நடு வரிசையில் இருவர், பின்னால் ஒரு குழந்தை. ஆர்கன் வாசிக்கிறவருக்குக் கால் தானாக மிதியை மிதித்து ஒரு பெரிய சத்தம் எழுந்தது. கிறிஸ்பின் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் குனிந்து புத்தகத்தை எடுக்கிற சாக்கில் தரையைப் பார்த்துச் சொன்னார். மதர் ஓடெட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “சரி, ஃப்ரீஸர்லேர்ந்து தானா எந்திரிச்சு வந்துடுச்சு. ஆண்டவர் நம்மள மன்னிக்கட்டும். அல்லேலூயா!” என்றார். பிரசங்கம் அதோடு முடிந்தது. அவர் பிரசங்கங்களிலேயே அதுதான் நல்ல பிரசங்கம் என்று இப்போதும் சொல்கிறார்கள்.

சட்டம் சட்டம்தான். சொன்னவர் கோப்பை கழுவ வேண்டும். சொன்னது மொத்த சபை. கீழ்த்தளத்துச் சமையலறையில் மூன்று பேர் நின்றாலே இடிக்கும், அன்று எல்லோரும் உள்ளே நுழையப் பார்த்தார்கள். மதர் அங்கிக் கையை மடித்துவிட்டுத் துண்டோடு நின்றார். கோப்பைகள் கைமாறிக் கைமாறி, கழுவினதையே இரண்டாம் முறை கழுவினார்கள். யூடோரா அம்மையார் ஒரு ஸ்பூனைத் துடைத்துவிட்டுத் தன் பங்கு தீர்ந்ததென்று அறிவித்தார். நடுவில் ஹார்லன், முழங்கைவரை சோப்பு நுரை, ஆள் ஆளுக்கு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேட்க எதுவும் இல்லாதவர்கள்கூட “ஹார்லன், அந்தத் தட்டு” என்றார்கள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

அந்த நெரிசலில் மேவிஸ் கிறிஸ்பினைத் தேடிப் போனாள்.

“வாய் தொறந்துட்டேன் கிறிஸ்பின். வாசல் உனக்கு.”

“மேவிஸக்கா, இன்னைக்கு நடந்ததுக்கு அப்புறம் யாரு அதெல்லாம்…”

“பேச்சுன்னா பேச்சு. தண்டனைப் பெட்டிக்குப் போன்னு எத்தனை பேர அனுப்பியிருக்கேன். உன்னையவே அனுப்பியிருக்கேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு பாதியில் உடைந்தது. அவளுக்குத் தாங்கவில்லை.

கிறிஸ்பின் தர்மசங்கடமாக மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “உண்மையச் சொல்லவா? எனக்கு வாசல் வேணாம். அங்க பயங்கரக் குளிரு. ஜனங்க வேற வர்றாங்க.”

தொட்டிப் பக்கமிருந்து ஹார்லன் திரும்பினான். “நா நிக்கட்டுங்களா? எப்படியும் ஞாயித்துக்கெழமை வெடிஞ்சதும் இந்த மேட்டுப் பனிய நாந்தானுங்க தள்ளிவுடறேன். எல்லாருக்கும் முன்னாடி நாந்தான் வந்து நிப்பேன்.”

செயின்ட் பைரனில் ஒருவன் ஒரு வேலையைத் தானாகக் கேட்டது அதற்கு முன் நடந்ததில்லை. கமிட்டி அங்கேயே, ஈரக் கையோடு கூடி, ஈரக் கையைத் தூக்கி முடிவு செய்தது. மேவிஸும் கை தூக்கினாள், எல்லோருக்கும் முன்னால்.

அடுத்த ஞாயிறு அவளுக்குக் கிளம்பவே மனமில்லை. கோட்டை மாட்டினாள், கழற்றினாள். கடைசியில் ரெய்னோவே தன் லுத்தரன் கோயிலை அன்றைக்கு விட்டுவிட்டுக் காரை எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆராதனைக்கு நேரமாகிப்போய், மற்றவர்களோடு மற்றவர்களாக, அவள் அந்தப் படிகளில் ஏறினாள். படிகளில் ஒரு பொட்டுப் பனி இல்லை, சுத்தமாகத் தள்ளியிருந்தது.

ஹார்லன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, கதவை விரியத் திறந்து பிடித்தான்.

“வாங்க மேவிஸம்மா. நீங்க வந்தது ரொம்ப சந்தோசமுங்க. உங்களுக்காகத்தானுங்க தொறந்து வெச்சுட்டு நிக்கறேன்.”

மேவிஸ் நின்றாள். இத்தனை காலம் அந்தக் கதவைத் திறந்தவள் அவள்தான். அவளுக்கு யாரும் திறந்ததில்லை. யாரும் அவளை வாவென்று சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, மீசை இருந்திருந்தால் அந்தக் குளிரில் அதிலேயே உறைந்திருக்கும். ரெய்னோ அவளைக் கவலையோடு பார்த்தான். பின்னால் வரிசை நின்றுவிட்டது.

“மேவிஸக்கா, உள்ள போங்க, வெரைக்குது!” என்றார் கீழ்ப்படியிலிருந்து கிறிஸ்பின்.

“இரு கிறிஸ்பின்” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “கொஞ்சம் வழி விடு. இன்னொரு தடவ மொதல்லேர்ந்து வர்றேன்.”

திரும்பி, வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, படிகளில் கீழே இறங்கினாள். கடைசி ஆளுக்கும் பின்னால் போய் நின்று கோட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மறுபடி மேலே ஏறி வந்தாள்.